சத்தம் பிடிக்கும், பேச்சுதான் அலுப்பு: 'இன்ட்ரோவெர்ட்' என்ற சொல்லுக்குள் சிக்கிய மூன்று விஷயங்கள்

"எனக்குச் சத்தம் ஆகாது, நான் இன்ட்ரோவெர்ட்." யாராவது இப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு 'ஏனென்றால்' சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சத்தம் ஆகாது, ஏனென்றால் இன்ட்ரோவெர்ட். அந்த ஏனென்றாலைத்தான் இங்கே கொஞ்சம் பிடித்து உலுக்கப் போகிறேன்.

காரணம் சொந்தக் கதைதான். எந்த ஆளுமைத் தேர்வு எழுதினாலும் நான் இன்ட்ரோவெர்ட் பக்கம்தான் விழுவேன். அதே நான், நேரடி இசை நிகழ்ச்சி என்றால் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்கிற ஆள். டிரம்ஸ் அடி நெஞ்செலும்பில் வந்து இறங்க வேண்டும், விளக்குகள் கண்ணைக் கூச வைக்க வேண்டும், மூன்று மணி நேரம் நின்றாலும் அலுக்காது. ஆனால் பத்துப் பேர் கூடும் ஒரு பிறந்தநாள் என்றால் முக்கால் மணி நேரத்தில் வாசல் எந்தப் பக்கம் என்று கண் தேட ஆரம்பித்துவிடும். "நீயெல்லாம் என்ன இன்ட்ரோவெர்ட்" என்று நண்பர்கள் கேட்பார்கள். ரொம்ப நாள் எனக்கும் பதில் தெரியவில்லை.

## ஒரு வீடு: சுவர், கதவு, ஜன்னல்

சாலையோரத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் சுவர் எவ்வளவு தடிமன் என்பது ஒரு கேள்வி. மெல்லிய சுவர் என்றால் தெருவில் போகும் வண்டி, குரைக்கும் நாய், பக்கத்து வீட்டில் சொட்டும் குழாய் எல்லாமே உள்ளே கேட்கும். வீட்டுக்காரருக்கு ஆட்கள் வந்துபோவதில் எவ்வளவு விருப்பம் என்பது வேறு கேள்வி; அது கதவின் சங்கதி. ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்கும் ஆசை அவருக்கு எவ்வளவு என்பது இன்னொன்று.

சுவர் மெல்லிசாக இருப்பதாலேயே கதவு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. எல்லாச் சத்தமும் உள்ளே கேட்கிற வீட்டில் நாள் முழுக்க ஆட்களைக் கூட்டி வைத்திருக்கிறவர்கள் உண்டு. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு, நான் அந்த ரகம்.

இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகும் மூன்று சொற்கள் இவைதான். கதவு என்பது அகமுகத்தன்மை, அதாவது நாம் சாதாரணமாக இன்ட்ரோவெர்ட் என்று சொல்லும் குணம். சுவர் என்பது புலன் நுண்ணுணர்வு: ஒலி, ஒளி, வாசனை, தொடுதல் ஆகியவை ஒருவருக்குள் எவ்வளவு பலமாகப் பதிகின்றன என்பது. ஜன்னல் என்பது தூண்டல் நாட்டம்: புதிய, அடர்த்தியான, தீவிரமான அனுபவங்களைத் தேடிப் போகும் ஆசை. 'தூண்டல்' என்றால் புலன்கள் வழியாக உள்ளே வரும் எதுவும், ஒரு டிரம்ஸ் அடியிலிருந்து சட்டைக் காலரில் உறுத்தும் துணிப்பட்டை வரைக்கும்.

## குழப்பம் எங்கிருந்து வந்தது

இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங். 1921-ல் வெளியான நூலில் அவர் பேசியது சத்தத்தைப் பற்றியே இல்லை. ஒருவரின் மன ஆற்றல் வெளியுலகத்தை நோக்கி ஓடுகிறதா, தன் உள்ளுலகத்தை நோக்கித் திரும்புகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி.

சத்தத்தை இதற்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் ஐசங்க் என்ற உளவியலாளர். 1967-ல் அவர் முன்வைத்த கோட்பாட்டுக்கு மையம் 'கிளர்வு' என்ற ஒன்று. கிளர்வு என்றால் மூளை அந்த நேரத்தில் எவ்வளவு விழிப்பாக, முறுக்கேறி இருக்கிறது என்பது. தூக்கக் கலக்கம் ஒரு முனை, பதற்றம் மறு முனை. நடுவில் எங்கோ ஒரு இடத்தில்தான் நாம் நன்றாக வேலை செய்கிறோம். (ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இருவர் 1908-ல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய யோசனை இது. எலிகளிலிருந்து மனிதர்களின் அலுவலகம் வரைக்கும் அதை இழுத்து வந்திருக்கிறார்கள், அந்தக் கதை இங்கே வேண்டாம்.) ஐசங்க் சொன்னது: இன்ட்ரோவெர்ட்டுகளின் மூளையில் கிளர்வு இயல்பாகவே கூடுதல், அதனால் கொஞ்சம் தூண்டல் சேர்ந்தாலே அவர்கள் அந்த நடு இடத்தைத் தாண்டிவிடுகிறார்கள், எக்ஸ்ட்ரோவெர்ட்டுகளுக்கு, அதாவது வெளிமுகமாக இருப்பவர்களுக்குக் கிளர்வு குறைவு, அதனால் வெளியிலிருந்து தேடித் தேடி நிரப்பிக்கொள்கிறார்கள்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். ஆதாரமும் இருந்தது. நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சராசரியாக இன்ட்ரோவெர்ட்டுகளுக்கு எச்சில் அதிகம் ஊறியது. 1984-ல் ரஸ்ஸல் கீன் என்பவர் செய்த சோதனை இன்னும் சுவாரசியம்: கற்றல் வேலை ஒன்றைச் செய்யும்போது பின்னணி இரைச்சலின் அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டபோது இன்ட்ரோவெர்ட்டுகள் குறைவாக வைத்தார்கள், எக்ஸ்ட்ரோவெர்ட்டுகள் கூடுதலாக. அவரவர் அளவில் இரு தரப்பும் நன்றாகவே செய்தார்கள். ஒருவர் தேர்ந்த அளவை மற்றவருக்கு வைத்தபோது தடுமாறினார்கள்.

அந்தச் சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். இன்ட்ரோவெர்ட்டுகள் நிசப்தத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, குறைந்த இரைச்சலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவும் ஒரு வேலையில் கவனம் செலுத்தும்போது. 'இன்ட்ரோவெர்ட்டுக்குச் சத்தம் ஆகாது' என்ற பேச்சுக்கும் இதற்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்கிறது.

பிற்பாடு கோட்பாட்டிலேயே ஓட்டை விழுந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரு தரப்பு மூளைகளின் கிளர்வையும் அளந்து பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு சுத்தமாகக் கிடைக்கவில்லை. 1980-ல் வில்லியம் ரெவல் குழுவினர் காஃபினை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். யோசிக்காமல் சட்டென்று பாயும் குணம் (ஐசங்க் இதை எக்ஸ்ட்ரோவெர்ட் குணத்தின் ஒரு பகுதியாகப் பார்த்தார்) குறைவாக உள்ளவர்களுக்குக் காலையில் காஃபின் கொடுத்தால் தேர்வில் மதிப்பெண் இறங்கியது, அந்தக் குணம் கூடுதலாக உள்ளவர்களுக்கு ஏறியது. கோட்பாடு சொன்னபடியே. ஆனால் மாலையில் கொடுத்தபோது முடிவு தலைகீழானது! குணம்தான் கிளர்வை நிரந்தரமாக நிர்ணயிக்கிறது என்றால் பொழுது சாய்ந்ததும் அது எப்படி மாறும்?

இதுவரை பார்த்தது: இன்ட்ரோவெர்ட் என்ற சொல் சத்தத்தோடு பிறக்கவில்லை. பாதி வழியில் ஒரு கோட்பாடு இரண்டையும் சேர்த்துக் கட்டியது. அந்த முடிச்சு முழுப் பொய் இல்லை, ஆனால் மக்கள் நினைக்கிற அளவுக்கு இறுக்கமும் இல்லை.

## சரி, இன்ட்ரோவெர்ட் என்றால் என்னதான்?

இன்று பல ஆய்வாளர்கள் முக்கியமாகக் கருதுவது வெகுமதி உணர்வை. ஒரு நல்ல விஷயம் கிடைக்கப்போகிறது என்று தெரிந்தால் உள்ளே ஒரு உந்துதல் கிளம்புகிறதே, டோபமைன் என்ற வேதிப்பொருள் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. எக்ஸ்ட்ரோவெர்ட்டுகளுக்கு அந்த உந்துதல் பலமாக அடிக்கிறது. மனித வாழ்க்கையில் சுலபமாக, திரும்பத் திரும்பக் கிடைக்கிற வெகுமதி மற்ற மனிதர்கள்தான்: சிரிப்பு, கவனம், பாராட்டு, வம்பு. அதனால் அவர்கள் மனிதர்களை நோக்கிப் போகிறார்கள். இன்ட்ரோவெர்ட்டுக்கும் அந்தச் சுவை தெரியும், இழுப்பு மட்டும் குறைவு. ஆட்கள் என்றாலே அவர்களுக்கு ஆகாது என்பது நாமாகக் கட்டிய கதை.

கூச்சம் என்பதும் வேறு. கூச்சப்படுகிறவருக்குப் போய்ப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். இன்ட்ரோவெர்ட்டுக்குப் பயம் இல்லாமலேகூட 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தோன்றும். கூச்சமும் பழகும் நாட்டமும் இரண்டு தனி அளவுகள் என்பதை ஜொனாதன் சீக், ஆர்னால்ட் பஸ் இருவரும் 1981-லேயே காட்டிவிட்டார்கள். நாற்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, நாம் இன்னும் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

## 200 மில்லிசெகண்ட்

இப்போது என் பழைய குழப்பத்துக்கு வருகிறேன். ஸ்பீக்கர் முன்னால் மூன்று மணி நேரம் தாங்குகிற ஆள், பத்துப் பேர் கூடுகையில் ஏன் முக்கால் மணி நேரத்தில் வற்றிவிட வேண்டும்? சத்தத்தின் அளவை வைத்துப் பார்த்தால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?

உரையாடல் என்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை நாம் உணர்வதே இல்லை, ஏனென்றால் மூன்று வயதிலிருந்து செய்து வருகிறோம். உலகின் வெவ்வேறு மூலைகளைச் சேர்ந்த பத்து மொழிகளில் பேச்சுகளைப் பதிவுசெய்து 2009-ல் ஒரு குழு அளந்தது. ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாகக் கிடைத்த இடைவெளி சுமார் 200 மில்லிசெகண்ட். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னாலே, அந்த ஒரே ஒரு சொல் வாயிலிருந்து வரச் சுமார் 600 மில்லிசெகண்ட் ஆகிறது.

இந்தக் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? ஒரே ஒரு வழிதான். எதிராளி பேசி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். அவர் வாக்கியம் எங்கே முடியும் என்று ஊகித்துக்கொண்டே, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே, நம்முடைய சொற்களைக் கோத்துக்கொண்டே, அதற்கிடையில் அவர் முகம் சுளிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டே. இது இரண்டு பேர் பேசும்போது. பத்துப் பேர் என்றால் அடுத்தது யார் என்பதே தெரியாது. வாய்ப்பு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் திறந்து மூடிவிடும், நீங்கள் தயாரித்து வைத்த நல்ல பதில் பேச்சு வேறு பக்கம் போனதும் வீணாகிவிடும். அதோடு பின்னணியில் இரைச்சலும் இருந்தால், காதில் பாதியாக விழும் சொற்களை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும். நிரப்பிக்கொண்டே பதிலும் தயாரிக்க வேண்டும்.

இசை நிகழ்ச்சியில் என்ன நடக்கிறது? ஆயிரம் பேர் சுற்றி நிற்கிறார்கள், ஒருவர்கூட என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. பதில் சொல்ல வேண்டியதில்லை, முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நகைச்சுவைக்குச் சரியான நொடியில் சிரிக்க வேண்டியதில்லை. நம் மொழியில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: வேடிக்கை பார்ப்பது. வேடிக்கை பார்க்கிறவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. தூண்டல் உச்சத்தில் இருக்கிறது, உரையாடல் வேலை ஏறக்குறைய பூஜ்யம். அந்தக் கூடுகையிலோ தூண்டல் நடுத்தரம், உரையாடல் வேலை உச்சம்.

ஆகவே 'எவ்வளவு சத்தம்' என்று கேட்பதைவிட 'அந்தச் சத்தம் என்னிடம் என்ன கேட்கிறது' என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நெரிசலான சந்தையில், ரயில் நிலையத்தில், விளையாட்டு மைதானத்தில் உற்சாகமாக அலைகிற இன்ட்ரோவெர்ட்டுகளைப் பார்த்து ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

## மெல்லிய சுவர்

புலன் நுண்ணுணர்வுக்கு வருவோம். முதலில் ஒரு தவறைக் களைந்துவிட வேண்டும்: இது கூர்மையான காதோ கழுகுக் கண்ணோ இல்லை. காது மருத்துவர் சோதித்தால் இருவருக்கும் ஒரே முடிவு வரலாம். வித்தியாசம் பெரும்பாலும் காதுக்குப் பின்னால், மூளை அந்தத் தகவலை என்ன செய்கிறது என்பதில்தான்.

மூளைக்கு ஒரு முக்கியமான வேலை தள்ளிவிடுவது. இந்தக் கணம் உங்கள் தோலில் துணி உரசிக்கொண்டிருக்கிறது, நான் சொல்லும்வரை அது உங்களுக்குத் தெரியவில்லை. மின்விசிறி ஓடும் சத்தம் அது நின்ற பிறகுதான் கேட்கும். மாறாமல் வந்துகொண்டிருக்கும் தூண்டலை மூளை மெல்ல மெல்ல ஓரங்கட்டிவிடுகிறது. இதற்குப் பழகிப்போதல் என்று பெயர். சிலருக்கு இந்தப் பழகிப்போதல் சீக்கிரம் நடப்பதில்லை. மற்றவருக்கு இரண்டு நிமிடத்தில் மறைந்துபோகும் காலர் பட்டை இவருக்கு மாலைவரை உறுத்திக்கொண்டே இருக்கும். இது சிணுங்கல் இல்லை. அவருக்கு அது உண்மையிலேயே ஒவ்வொரு நிமிடமும் புதிதாக வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் குணத்தை ஓர் ஆளுமைப் பண்பாக வரையறுத்து, அளக்க 27 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை 1997-ல் வெளியிட்டவர்கள் எலைன் ஆரன், ஆர்தர் ஆரன் தம்பதி. அந்தக் கட்டுரையே இது இன்ட்ரோவெர்ஷனிலிருந்து வேறு என்று காட்டத்தான் எழுதப்பட்டது. நுண்ணுணர்வு கூடுதலாக உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் எக்ஸ்ட்ரோவெர்ட்டுகள் என்பது எலைன் ஆரனின் கணிப்பு. அவர்கள் பாடு உண்மையிலேயே கஷ்டம். ஆட்கள் வேண்டும், ஆட்களோடு வரும் இரைச்சலும் சென்ட் வாசனையும் வேண்டாம். விருந்துக்கு முதலில் வந்து, எல்லாரையும் கட்டிப்பிடித்து, அப்புறம் தலைவலியோடு குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

2006-ல் அதே அளவுகோலை வேறொரு குழு பிரித்துப் பார்த்தது. உள்ளே மூன்று இழைகள் தெரிந்தன. ஒன்று, பல விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்தால் திணறுவது. இரண்டு, உரத்த ஒலி, கூசும் ஒளி போன்றவை தொல்லையாகப் படுவது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: இசை, ஓவியம், நுட்பமான சுவை, வாசனை ஆகியவற்றால் ஆழமாக அசைக்கப்படுவது. முதல் இரண்டும் பதற்றப்படும் குணத்தோடு கைகோத்துப் போகின்றன, மூன்றாவது புதுமைக்கு மனம் திறந்திருக்கும் குணத்தோடு. அதாவது மெல்லிய சுவர் வழியாக நாய் குரைப்பதும் வரும், தூரத்துப் பாட்டும் வரும். நுண்ணுணர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இது எனக்கு ஒரு குறை.

ஒரே ஆளுக்குள் ஒவ்வொரு புலனுக்கும் சுவரின் தடிமன் வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இது தெளிவாகத் தெரியும். 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, புலன் தூண்டலுக்கு மிகையாக எதிர்வினை காட்டுவதையும் குறைவாகக் காட்டுவதையும் சேர்த்தே ஆட்டிச அடையாளங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஒலிக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையே ஊஞ்சலில் வேகமாக, இன்னும் வேகமாக என்று கேட்கும். காது தப்பிக்கப் பார்க்கிறது, உடல் அசைவைத் தேடுகிறது, இரண்டும் ஒரே குழந்தைதான்.

சுருக்கமாகச் சொன்னால், நுண்ணுணர்வு என்பது உள்ளே வருவதன் பலம். வருவது இன்பமா தொல்லையா என்பது அடுத்த கட்டம். நுண்ணுணர்வு அதிகம் என்று தெரிந்ததாலேயே ஒருவர் சந்தடியான இடத்தை வெறுப்பார் என்று முடிவுகட்ட முடியாது.

## வேடிக்கை ஆசை

மூன்றாவது விஷயத்தை வேகமாகக் கடந்துவிடலாம். மார்வின் ஜுக்கர்மேன் என்ற உளவியலாளர், ஒளியும் ஒலியும் இல்லாத அறைகளில் ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தார். சிலர் அங்கே நிம்மதியாக இருந்தார்கள், சிலர் கொஞ்ச நேரத்திலேயே நெளிய ஆரம்பித்தார்கள். அந்த வித்தியாசத்தை அளக்க 1964-ல் தூண்டல் நாட்டத்துக்கான அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். பிற்பாடு அதில் நான்கு கூறுகள் பிரிந்தன: உயிரைப் பணயம் வைக்கும் சாகச ஆசை, புதிய அனுபவத் தேடல், கட்டவிழ்த்துவிடும் கொண்டாட்டம், சலிப்பைத் தாங்க முடியாமை.

இன்ட்ரோவெர்ட்டுகள் கோட்டைவிடுவதாக மற்றவர்கள் நினைப்பது மூன்றாவதை. அது பெரும்பாலும் ஆட்களோடு சேர்ந்து நடப்பது. இரண்டாவதற்கு ஆள் துணையே தேவையில்லை. தனியாக ஊர் சுற்றுகிறவர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழக்கமே இல்லாத இசையில் மூழ்குகிறவர், மலை உச்சிக் காற்றில் நிற்கத் தனியே ஏறுகிறவர் எல்லாரும் தூண்டலைத் தேடித்தான் போகிறார்கள். நுண்ணுணர்வும் நாட்டமும் ஒருவருக்கே கூடுதலாக இருந்தால் அவர் ஒரு காலை முடுக்கியிலும் ஒரு காலை பிரேக்கிலும் வைத்திருப்பார்: டிக்கெட் எடுக்கும்போது ஆசை, திரும்பி வந்ததும் இரண்டு நாள் திரை போட்ட அறை.

இடையில் ஒரு எச்சரிக்கை. சத்தத்தை ரசிப்பதால் காது தப்பித்துவிடாது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்குப்படி 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம். உரத்த இசை நிகழ்ச்சியில் 100-ஐத் தொடுவது சாதாரணம். நான் இப்போது காதடைப்பான் இல்லாமல் ஸ்பீக்கர் பக்கம் போவதில்லை. நெஞ்செலும்பில் இறங்கும் அடிக்கு அது குறுக்கே நிற்பதும் இல்லை.

## ஸ்விட்ச் யார் கையில்

மூன்று அளவுகளையும் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு புதிர் மிஞ்சும். நான் போட்டால் பாட்டு, பக்கத்து வீட்டுக்காரர் போட்டால் இரைச்சல். ஒரே பாட்டு, ஒரே அளவு. ஏன்?

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரின் சோதனைகள் 1972-ல் நூலாக வந்தன. உரத்த இரைச்சலுக்கு நடுவே ஆட்களை வேலை செய்ய வைத்தார்கள். ஒரு குழுவிடம் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியாவிட்டால் இதை அழுத்தினால் சத்தம் நின்றுவிடும், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்றார்கள். பெரும்பாலானோர் அழுத்தவே இல்லை. அதாவது இரு குழுக்களின் காதிலும் ஒரே இரைச்சல்தான் விழுந்தது. ஆனால் இரைச்சல் முடிந்த பிறகு கொடுத்த வேலைகளில் பொத்தான் இருந்த குழு பிழை குறைவாகச் செய்தது, கடினமான புதிர்களை நீண்ட நேரம் விடாமல் முயன்றது. நிறுத்த முடியும் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது! எப்போது வரும் என்று கணிக்க முடிந்த இரைச்சலும், கணிக்க முடியாததைவிடக் குறைவாகவே பாதித்தது.

இன்னொன்று, பொருள். புரியாத இரைச்சலை மூளை எளிதில் ஒதுக்கிவிடும், புரியும் பேச்சை ஒதுக்குவது கடினம். அதிலும் மோசம் பாதிப் பேச்சு. போன் பேச்சில் ஒருவர் பக்கம் மட்டும் காதில் விழுவது, இருவர் பேசுவதும் முழுதாகக் கேட்பதைவிட அதிகமாகக் கவனத்தைச் சிதைக்கிறது என்று 2010-ல் ஒரு ஆய்வு காட்டியது. கேட்காத பாதியை ஊகிக்க மூளை நம்மைக் கேட்காமலே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. ஒரு சாதாரண அலுவலகத்தின் சத்தம் இசை நிகழ்ச்சியின் சத்தத்தில் ஒரு துணுக்குதான். ஆனால் அது நீங்கள் தேர்ந்ததும் இல்லை, நிறுத்தவும் முடியாது, எப்போது வரும் என்றும் தெரியாது, அதோடு முழுக்க முழுக்கப் புரியும் பேச்சு. அங்கே தலை வலிப்பதற்கு இன்ட்ரோவெர்ட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

## பேட்டரி பற்றி ஒரு வார்த்தை

'எக்ஸ்ட்ரோவெர்ட்டுக்கு ஆட்களால் சார்ஜ் ஏறும், இன்ட்ரோவெர்ட்டுக்கு இறங்கும்' என்ற படம் எல்லார் போனிலும் வந்திருக்கும். பின்லாந்தில் 2017-ல் வெளியான ஒரு ஆய்வு, ஆட்களின் மனநிலையை நாளில் பல தடவை கேட்டுப் பதிவுசெய்தது. கலகலப்பாக நடந்துகொண்ட நேரத்தில் மகிழ்ச்சி கூடியது, சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பு வந்தது. இன்ட்ரோவெர்ட்டுக்கும் எக்ஸ்ட்ரோவெர்ட்டுக்கும் அதேதான். 200 மில்லிசெகண்ட் வேலை எல்லாரையும்தான் களைக்க வைக்கிறது; எக்ஸ்ட்ரோவெர்ட்டுக்கு அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலி பெரிதாகத் தெரிகிறது, அதனால் மறுநாளும் போகிறார் என்பது என் புரிதல்.

## உங்களுக்கு எது என்று பிரித்துப் பார்க்க

இணையத் தேர்வுகளை எழுதுவதைவிட ஒரு எளிய வழி உண்டு. உங்களை வாட்டும் இடத்திலிருந்து ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அதே ஆட்கள், ஆனால் அமைதியான அறை, மங்கிய விளக்கு: இப்போது சுகமாக இருந்தால் உங்கள் பிரச்சினை சுவர், கதவில்லை. அதே இரைச்சல், ஆனால் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை: இப்போது சுகமென்றால் நேர்மாறு. இரண்டும் அப்படியே இருக்க, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று சொந்த வண்டியில் போனபோது மட்டும் நன்றாக இருந்ததா? அப்படியென்றால் உங்களுக்குத் தேவை பொத்தான்.

தீர்வும் அதற்கேற்ப மாறும். சுவர்க்காரருக்குக் காதடைப்பான், மூலையில் ஒரு இருக்கை, இடையில் பத்து நிமிடம் வெளிக்காற்று போதும். அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது அநியாயம். கதவுக்காரருக்குக் காதடைப்பான் கொடுத்துப் பயனில்லை, அவருக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள், புகைப்படம் எடுப்பது மாதிரி. கூட்டத்தில் இருப்பார், பதில் சொல்லும் கடமை குறையும்.

## காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்

இவ்வளவும் பிறவிக் குணங்களைப் பற்றி. எப்போதும் சத்தத்தைத் தாங்கிய ஒருவருக்குத் திடீரென்று ஒலியோ ஒளியோ தாங்கவில்லை என்றால் குணத்தைத் தேடிப் போகாதீர்கள். ஒற்றைத் தலைவலி, தலையில் பட்ட அடி, தொடர்ந்த தூக்கமின்மை எதுவும் காரணமாக இருக்கலாம்.

வயதானவர்கள் விஷயத்தில் இது இன்னும் தந்திரமாக நடக்கிறது. வயதால் வரும் கேள்திறன் குறைவு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் தொடங்கும். உயிரெழுத்துகள் கேட்கும், 'ஸ', 'ச' போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் கரைந்துபோகும். நேருக்கு நேர் பேசினால் சமாளித்துவிடுவார்கள், நான்கு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் வெறும் முணுமுணுப்புதான் மிஞ்சும். பதிலை முன்கூட்டித் தயாரிக்க வழியே இல்லை, அதனால் மெல்ல ஒதுங்குவார்கள். அவர் வயதாக வயதாகத் தனிமை விரும்பியாகிவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொள்வோம்.

என் அப்பா விஷயத்தில் நாங்கள் அப்படித்தான் இரண்டு வருடம் பேசிக்கொண்டிருந்தோம். டிவியை உச்சத்தில் வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்பார், அடுத்த நிமிடம் யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் ஏன் கத்துகிறாய் என்று எரிந்துவிழுவார். வீம்பு என்று நினைத்தோம். உள்காதின் நுண்ணிய செல்கள் பழுதாகும்போது மெல்லிய ஒலி கேட்காமல் போகும், ஆனால் ஒலி ஒரு எல்லையைத் தாண்டியதும் சட்டென்று மிகப் பெரிதாகக் கேட்கும், நடுவில் இருக்கும் இடம் சுருங்கிவிடும் என்று காது பரிசோதனை செய்தவர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். அப்பா அந்த வரைபடத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டும் உண்மைதான்னு சொன்னேனே" என்றார்.